மச்சம் சாப்பிடக்கூடிய நாள்

எங்கள் மகளுக்கு ஊர் என்றால் பலேர்மோ. லண்டனில் பள்ளிக்கூடத்தில் யாராவது கேட்டால் அப்படித்தான் சொல்கிறாள். நாங்கள் திருத்துவதில்லை. திருத்தி எதைச் சொல்வது? எங்களில் ஒருவருடைய ஊர் மயிலிட்டி. 1990 யூனில் அங்கிருந்து வெளிக்கிட்டபோது நாலு வயது. வளர்ந்தது மல்லாகத்து முகாமில். 2017 யூலையில் மயிலிட்டித் துறைமுகத்தை விட்டுவிட்டார்கள் என்ற செய்தியைச் சிசிலியில் ஒரு குசினிக்குள் நின்று கேட்டோம். இருபத்தேழு வருடம் முள்ளுக்கம்பிக்கு அங்காலே கிடந்த ஊர். மனதில் இருப்பது ஒரு கிணற்றுக்கட்டும் மீன் காயவைத்த பாயும் மட்டும். அதுவும் உண்மையான நினைவோ, அம்மா சொல்லிச் சொல்லி வந்ததோ தெரியாது. மற்றவருடைய ஊர் குருநகர். அங்கே இருந்த வீடு ஏஜென்சிக்காரனுக்குக் காசு கொடுக்க விற்றாயிற்று. ஆகவே 'ஊருக்குப் போவோம்' என்று மகள் சொன்னால் நாங்கள் பலேர்மோவுக்குத்தான் ரிக்கற் பார்க்கிறோம்.

2008இலிருந்து 2019 வரை அங்கே இருந்தோம். பிறகு, இத்தாலியப் பாஸ்போட் எடுத்த எத்தனையோ தமிழ்க் குடும்பங்களைப் போல, பிரித்தானியா கதவைச் சாத்துவதற்கு முன் லண்டனுக்கு ஓடிவந்தோம். பிள்ளையின் ஆங்கிலப் படிப்புக்காக என்று எல்லோரும் சொல்லுகிற காரணத்தைத்தான் நாங்களும் சொன்னோம். பிள்ளை ஆங்கிலம் படித்துவிட்டாள். நாங்கள் அங்கேயும் ரெஸ்ரோறன்ற் குசினியில்தான் நிற்கிறோம்.

2025 யூலையில் போனது சாந்தா ரொசாலியாவின் திருவிழாவுக்கு. 1624இல் பலேர்மோவைக் கொள்ளைநோய் பிடித்தபோது பெல்லெக்ரீனோ மலைக் குகையில் அந்தப் புனிதையின் எலும்புகள் கிடைத்தன என்றும், அவற்றை ஊர்வலமாகக் கொண்டுபோக நோய் நின்றது என்றும் சொல்வார்கள். ஒவ்வொரு வருடமும் யூலை 14 இரவு நகரமே தெருவில் நிற்கும். ஆனால் மற்ற ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த மலைக்குப் போய்ப் பாருங்கள்; 606 மீற்றர் உயர மலையில் ஏறுபவர்களில் எங்கள் ஆட்கள் எத்தனை பேர் என்று. வேதக்காரரும் சைவக்காரரும் கலந்துதான் ஏறுவார்கள். குகைக் கூரையிலிருந்து ஒழுகும் தண்ணீரைத் தகரப் பீலி வைத்துச் சேர்ப்பார்கள். அந்தத் தண்ணீரைத் தலையில் தெளித்துவிட்டு, உள்ளே கண்ணாடிக்குள் படுத்திருக்கும் புனிதையைப் பார்த்து 'அம்மா தாயே' என்று கும்பிடுவார்கள். எங்கள் வீட்டிலும் ஒருவர் வேதம், மற்றவர் சைவம். ஆகையால் எங்களுக்கு இந்த மலை வசதியான மலை. இருவரும் ஒன்றாகப் போகக்கூடிய கோயில் உலகத்தில் வேறு எங்கே இருக்கிறது?

வசதியில்லாதது வெள்ளிக்கிழமை. ஒருவருக்கு அது இறைச்சியை விட்டு மீன் சாப்பிடும் நாள். மற்றவருக்கு மீனே தொடக்கூடாத நாள். கல்யாணம் கட்டிய புதிதில் இதற்காகச் சண்டைகூடப் பிடித்திருக்கிறோம். செவ்வாயும் விரதம். ஆகவே அண்ணர் ரெலிபோனில், "ஸ்பெர்றக்கவாலோவில எங்கட பழைய இடத்தில புதுசா மீன் கடை ஒண்டு திறந்திருக்கினம், வந்தால் ஒருக்காப் போய்ச் சாப்பிடுவம்" என்று சொன்னபோது நாங்கள் புதன்கிழமை என்று நாள் வைத்தோம். எல்லோருக்கும் மச்சம் சாப்பிடக்கூடிய நாள்.

ரெலிபோனை வைத்த பிறகுதான் எங்களுக்கு உறைத்தது. அண்ணர் மீன் சாப்பிடுவதில்லை.

அண்ணர் எங்களுக்கு இரத்த உறவில்லை. 1992இல் பலேர்மோவுக்கு வந்தவர். நாங்கள் வந்து இறங்கியபோது பல்லறோ சந்தைக்குப் பின்னால் தான் இருந்த அறையைத் திரைச்சீலையால் மறித்துப் பாதியைத் தந்தவர். மகள் பிறந்தபோது ஆஸ்பத்திரியில் மருத்துவச்சி சொன்னதையெல்லாம் வெட்கப்பட்டுக்கொண்டு மொழிபெயர்த்தவர். எங்களுக்கு வேலை எடுத்துத் தந்ததும் அவர்தான்.

ஸ்பெர்றக்கவாலோ பலேர்மோ நகரத்தின் மேற்குக் கரையில் உள்ள மீனவர் குடியிருப்பு. வள்ளங்கள் கட்டிய சிறிய துறை, அதை ஒட்டி வரிசையாக மீன் கடைகள். அதில் ஒன்றில் எங்களில் ஒருவருக்குக் கோப்பை கழுவும் வேலை, லாவபியாத்தி என்பார்கள். மற்றவருக்கு அண்ணரோடு மீன் துப்புரவாக்கும் வேலை. யாழ் பல்கலைக்கழகத்தில் ஒன்றரை வருடம் பொருளியல் படித்து, 2007இல் நண்பர்கள் ஒவ்வொருவராகக் காணாமல் போகத் தொடங்க விட்டுவிட்டு ஓடிவந்த படிப்பு, கழுவும் தொட்டியில் எதற்கு உதவியது என்று கேட்கிறீர்களா? உதவியது. எத்தனை பேர் சாப்பிட்டார்கள், முதலாளி எவ்வளவு உழைத்தார் என்று கோப்பைகளை வைத்தே கணக்குப் பார்த்துவிடலாம்.

மீன் துப்புரவாக்குவதில் அண்ணரை வெல்ல அந்தக் கரையில் ஆளில்லை. நாளொன்றுக்கு முப்பது நாற்பது கிலோ. செவுளை விரித்துப் பார்த்து — எங்கள் ஊரில் அதைப் பூ என்போம் — பூ சிவப்பாக இல்லாவிட்டால் கொண்டுவந்தவனிடமே திருப்பிக் கொடுத்துவிடுவார். சூடை போன்ற சின்ன மீனைக் கத்தியே இல்லாமல் பெருவிரலால் பிளந்து முள்ளைத் தூக்குவார். களவா போன்ற பெரிய மீன்களின் தலைகளை முதலாளி எறியச் சொல்லுவார். அண்ணர் அவற்றைப் பையில் போட்டு எங்களுக்குத் தருவார். இரவு ஒரு மணிக்கு அறைக்கு வந்து, யாழ்ப்பாணத்துத் தூள் போட்டுத் தலைக் குழம்பு வைப்போம். மேல்மாடிக் கிழவி யன்னலைத் திறந்து கத்துவா. பிறகு ஒருநாள் ஒரு கிண்ணத்தில் கொடுத்தோம், கத்துவதை விட்டுவிட்டா.

அந்தக் குழம்பில் அண்ணர் கை வைத்ததில்லை. மாலை ஆறு மணிக்குக் கடை திறக்க முன் வேலைக்காரருக்குச் சாப்பாடு தருவார்கள், பெரும்பாலும் மீனோடு பாஸ்தா. அவர் தக்காளிச் சோஸ் மட்டும் போட்டுத் தனியாகத் தின்பார். சைவமாக்கும் என்று நினைத்தோம். ஆனால் கோழி தின்றார், ஆட்டிறைச்சி தின்றார். மீன் மட்டும் இல்லை. சிலருக்கு மீன் ஒத்துக்கொள்ளாதுதானே என்று விட்டுவிட்டோம்.

2009 நத்தார் இரவுதான் சொன்னார்.

அவருடைய கடைசித் தம்பி. 1995 ஒக்ரோபர் 30இல் வலிகாமமே பெயர்ந்து தென்மராட்சிக்குப் போனபோது வயது பதினெட்டு. அந்த வயதில் ஒரு பொடியனை அங்கே வைத்திருக்க அம்மாவுக்குப் பயம். அண்ணர் இங்கிருந்து சீட்டெடுத்துக் காசு அனுப்பினார். இத்தாலிக்குக் கப்பலில் என்றார்கள். 1996 நவம்பரில் ஒருமுறை எடுத்து, 'நத்தாருக்கு உன்னோட நிப்பன்' என்றிருக்கிறான். அதுதான் கடைசி.

நடந்ததை இந்தப் பத்திரிகையின் வாசகர்களில் பலர் அறிந்திருப்பீர்கள், அறியாத இளையவர்களுக்காகச் சொல்கிறோம். 1996 டிசம்பர் 25 இரவு, மோல்ற்றாவுக்கும் சிசிலிக்கும் நடுவில், யியோஹான் என்ற கப்பலில் வந்தவர்களைக் கரை சேர்ப்பதற்காக எஃப் 174 என்ற சிறிய படகுக்கு மாற்றினார்கள். கடல் கொந்தளித்தது. அளவுக்கு மிஞ்சி ஏற்றிய படகுக்குள் தண்ணீர் ஏறியது. பெரிய கப்பலோடு மோதி மூழ்கியது. குறைந்தது 283 பேர். இந்தியர், பாகிஸ்தானியர், எங்கள் ஆட்கள். தப்பியவர்களைக் கப்பல் கிரேக்கத்தில் இறக்கிவிட்டது. அவர்கள் சொன்னதைப் பலர் நம்பவில்லை. உடல் எங்கே, படகு எங்கே என்று கேட்டார்கள்.

உடல்கள் வந்துகொண்டுதான் இருந்தன. சிசிலியின் தெற்கு முனையில் உள்ள போர்த்தோபாலோ மீனவர்களின் வலைகளில். அவர்கள் அவற்றைத் திரும்பக் கடலில் போட்டார்கள். கரைக்குக் கொண்டுவந்தால் பொலிஸ், விசாரணை, படகு நாள்கணக்கில் கட்டிக் கிடக்கும், வருமானம் போய்விடும். ஐந்து வருடம் ஒருவரும் வாய் திறக்கவில்லை. கடைசியில் ஒரு மீனவர், வலையில் வந்த உடுப்புக்குள் இருந்த அடையாள அட்டையைக் காட்டினார். பதினேழு வயதுத் தமிழ்ப் பொடியன் ஒருவனின் அட்டை. லா ரெபுப்ளிக்கா பத்திரிகையாளர் ஜொவான்னி மரியா பெல்லு அதைப் பிடித்துக்கொண்டு தேடி, 2001 யூனில் ஆழ்கடலுக்குள் கமரா இறக்கிப் படகைப் படம்பிடித்தார். கரையிலிருந்து 19 கடல்மைல், 108 மீற்றர் ஆழம். பிறகு 2004இல் 'போர்த்தோபாலோவின் ஆவிகள்' என்று புத்தகமும் எழுதினார். அட்டையைக் கொடுத்த மீனவர் தன் ஊரில் பலருக்கு வேண்டாதவரானார்.

அந்தப் படங்கள் வந்த பேப்பரை முதலாளிதான் குசினிக்குள் கொண்டுவந்து, 'உங்கள் ஆட்கள் போல' என்று காட்டினாராம். அண்ணர் கையில் அப்போது ஒரு வாள்மீன் துண்டு. "வெட்டி முடிச்சிட்டுத்தான் வாசிச்சனான்" என்றார். அன்றைக்கு விட்டதுதான் மீன்.

2004 டிசம்பர் 26 எங்களுக்குப் பதினெட்டு வயது. சுனாமிக்குப் பிறகு யாழ்ப்பாணச் சந்தைகளில் மீன் வாங்க ஆளில்லாமல் போனது நினைவிருக்கிறது. மீன் பிணம் தின்றிருக்கும் என்றார்கள். கடலுக்குப் போக வள்ளம் இல்லாதவன் ஒரு பக்கம் அழ, போய்ப் பிடித்துவந்தவன் விற்க வழியில்லாமல் இன்னொரு பக்கம் அழுதான். சில மாதம் அப்படி இருந்தது. பிறகு ஒரு வீட்டில் வாங்க, அடுத்த வீட்டில் வாங்க, மறந்துபோயிற்று. எங்கள் சனத்துக்கு இதற்கெல்லாம் ஒரு கணக்கு இருக்கிறது. செத்தவீட்டில் அடுப்பு மூட்டாத நாள், பிறகு எட்டுச் செலவு, முப்பத்தோராம் நாள் கீரிமலையில் அந்தியேட்டி. அதுவரை மரக்கறி. அதற்குப் பிறகு மீன் வீட்டுக்குள் வரும். துக்கம் போய்விட்டது என்று இல்லை. துடக்குக் கழிந்துவிட்டது, இனிச் சாப்பிடலாம் என்று ஊர் கூடி உத்தரவு கொடுக்கிற நாள் அது.

அண்ணருக்கு அந்த நாள் வரவேயில்லை. அம்மா விடவில்லை. பிரேதத்தைக் காணாமல் ஒரு கிரியையும் செய்யவேண்டாம் என்றுவிட்டா. தாய்க்குக் கொள்ளி வைப்பவன் கடைசிப் பிள்ளை. தன் கொள்ளிக்கு அவன் வந்தே தீருவான் என்று சொல்லிக்கொண்டே இருந்தாவாம். முதல் நாள் எதுவென்றே ஒப்புக்கொள்ளாத வீட்டில் முப்பத்தோராம் நாளை எப்படி எண்ணுவது?

புதன்கிழமை மத்தியானம் பஸ்ஸில் போய் இறங்கினோம். நல்ல வெயில். கட்டடம் அதேதான், நிறம் மாற்றியிருந்தார்கள். பழைய முதலாளி 2020இல் கொரோனாவோடு கடையை மூடிவிட்டார். புதியவர்கள் இளம் ஆட்கள், கை நிறையப் பச்சை குத்தியிருந்தார்கள். வாசலில் நின்ற பெண், "மூன்று பேரா?" என்று கேட்டாள். நாலு என்றோம். பதினொரு வருடம் அந்த வாசலால் உள்ளே போனதில்லை, பின்பக்க ஒழுங்கைதான். முன்னுக்குப் போய் இருக்கக்கூடாது என்று எவரும் சொல்லவில்லை. எங்களுக்கும் அப்படி ஒரு யோசனை வந்ததில்லை. மேசையில் இருந்து பார்த்தால்தான் தெரிந்தது, அந்தக் கடையிலிருந்து கடல் இவ்வளவு வடிவாகத் தெரியும் என்று. குசினிக்கு யன்னலே இல்லை.

அண்ணர் முன்பே வந்து நின்றார். இப்போது மீன் வேலை இல்லை, ஒரு கிழவரைப் பராமரிக்கிறார். வெள்ளைச் சேட், மடிப்புக் குலையாத காற்சட்டை. தலை முழுக்க நரைத்துவிட்டது. மகளைக் கண்டதும் சிசிலிப் பேச்சில் ஏதோ பகிடி விட்டார், அவளும் அதே பேச்சில் திருப்பிக் கொடுத்தாள். எங்களுக்குப் பாதிதான் விளங்கியது.

சாப்பாட்டு அட்டை வந்தது. குசினியில் நின்றவர்கள் அட்டை வாசிக்கும் விதமே வேறு. முதலில் பெயருக்குப் பக்கத்தில் சின்ன நட்சத்திரம் போட்டிருக்கிறதா என்று பார்ப்போம். நட்சத்திரம் என்றால் உறையவைத்து வந்தது. அதைச் சொல்லாமல் விற்றால் இத்தாலியில் குற்றம். பிறகு விலைக்குப் பக்கத்தில் 'ஏத்தோ' என்று இருக்கிறதா என்று. ஏத்தோ என்றால் 100 கிராம். ஏழு யூரோ என்று கண்டு முழு மீன் சொல்லிவிட்டு, பில் வரும்போது முழிக்கிற வெளிநாட்டுக்காரரை எத்தனை தடவை குசினிக் கதவு இடுக்கால் பார்த்திருக்கிறோம்! பச்சையாகப் பரிமாறும் மீன்கள் தனிப் பக்கத்தில். அவற்றை முன்கூட்டியே -20 பாகையில் குறைந்தது 24 மணித்தியாலம் வைத்திருக்கவேண்டும், புழுவுக்காக. 'இன்று பிடித்த பச்சை மீன்' என்று அட்டையில் இருந்ததைப் பார்த்து அண்ணர் மெல்லச் சிரித்தார்.

மகள் எங்களுக்கு வாசித்துக் காட்டினாள். புதுக் கடைகளின் பழக்கம், ஒவ்வொரு மீனுக்கும் ஊர் போட்டிருந்தது. மட்சாரா சிவப்பு இறால். பொர்த்திச்சேல்லோ நெத்தலி. போர்த்தோபாலோ வாள்மீன்.

நாங்கள் இருவரும் ஒன்றாக நிமிர்ந்திருக்கவேண்டும். மகள் நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தாள். "என்ன?" என்றாள்.

சொல்லவில்லை. இந்தப் பதினைந்து வருடத்தில் அவளுக்கு இதைச் சொன்னதில்லை. பலேர்மோவில் பள்ளிக்கூடத்தில் ஒக்ரோபர் 3 அன்று லம்பெதூசாவில் 2013இல் மூழ்கிய 368 பேருக்காகக் காகிதப் படகு செய்தவள் அவள். அந்தப் படகைக் கொண்டுவந்து மேசையில் வைத்து, 'அப்பா, பாவம் அந்த ஆபிரிக்காக்காரர்' என்றபோதுகூட நாங்கள் சொல்லவில்லை. அவளுக்கு அது சொந்தக் கடல். மொந்தெல்லோவில் நீந்தப் பழகினாள். அந்தக் கடலுக்குள் எங்கள் சனமும் கிடக்கிறது என்று எட்டு வயதுப் பிள்ளைக்கு எப்படிச் சொல்வது என்று விட்டோம். பிறகு லண்டன், பிறகு நேரமில்லை. எங்கள் கோழைத்தனத்துக்கு நல்ல காரணங்கள் எப்போதும் இருந்தன.

அண்ணர்தான் சொன்னார். "போர்த்தோபாலோ எண்டது என்ர தம்பி செத்த இடம், பிள்ளை." பிறகு முழுக்கச் சொன்னார், நாங்கள் மேலே எழுதியதை. பாதி தமிழ், பாதி இத்தாலியன். சாப்பாடு கேட்க வந்த பெடியன் இரண்டு தடவை வந்து திரும்பிப் போனான்.

மகள் அழவில்லை. கேள்வி கேட்டாள். "படகை ஏன் இன்னும் எடுக்கேல்லை?" எங்களிடம் பதில் இல்லை. 2015 ஏப்ரல் 18இல் லிபியாவுக்கு வடக்கே மூழ்கிய படகை ஏறத்தாழ 370 மீற்றர் ஆழத்திலிருந்து 2016இல் இத்தாலியக் கடற்படை தூக்கி எடுத்தது. உள்ளே இருந்த உடல்களை ஆராய்ந்து பெயர் தேடினார்கள். 108 மீற்றரில் கிடப்பது அங்கேயே கிடக்கிறது. அடுத்தது, "அந்த மீனவர்களிலே உங்களுக்குக் கோபம் இல்லையா?"

இதற்கும் அண்ணர் உடனே பதில் சொல்லவில்லை. 2002இல் ஒருமுறை போர்த்தோபாலோவுக்குப் போயிருக்கிறார். துறைமுகத்தில் நின்று ஒரு கோப்பி குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டார். என்ன செய்யப் போனேன் என்று தனக்கே தெரியாது என்பார். "அவங்கள் வலை தட்டிக்கொண்டு இருந்தாங்கள். எங்கட ஆக்கள் மாதிரியே குந்தி இருந்து. நான் என்னத்தைக் கேக்கிறது?"

நாங்கள் இருவரும் கடற்கரைச் சனம். எங்களில் ஒருவருடைய தகப்பன் மயிலிட்டியில் வள்ளம் வைத்திருந்தவர், பிறகு முகாமில் நிவாரண அரிசிக்கு நின்றவர். ஒருநாள் தொழில் போனால் என்னவாகும் என்பது எங்களுக்கு ஒருவரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. எங்கள் அப்பாவின் வலையில் ஒரு வேற்று நாட்டுப் பொடியனின் உடல் வந்திருந்தால் என்ன செய்திருப்பார்? கரைக்குக் கொண்டுவந்திருப்பார் என்று சத்தியம் பண்ண ஆசை. பண்ணமுடியவில்லை. இதை அண்ணருக்கு முன் ஒருநாளும் சொன்னதில்லை, இங்கேதான் எழுதுகிறோம்.

சாப்பாடு கேட்க வந்த பெடியன் மூன்றாம் தடவை வந்தான். நாங்கள் காய்கறியோடு பாஸ்தா சொல்லலாம் என்று வாயெடுக்க, அண்ணர் முந்திவிட்டார். "எல்லாருக்கும் சார்தே அ பெக்கஃபீக்கோ. பிறகு ஒரு முழு மீன், தீயில வாட்டி." எங்களைப் பார்த்து, "எனக்கும்தான்" என்றார்.

அப்போதுதான் மற்றதைச் சொன்னார். அம்மா 2024இல் போய்விட்டா. அண்ணர் ஊருக்குப் போனார். கடைசிப் பிள்ளைக்குரிய கொள்ளியை அவனுக்கு மூத்தவர் இவரே வைத்தார். முப்பத்தோராம் நாள் கீரிமலையில், ஐயரிடம் கேட்டு, தர்ப்பையில் ஓர் உருவம் செய்து, தம்பிக்கும் சேர்த்துச் செய்துவிட்டார்கள். இருபத்தேழு வருடம் பிந்திய அந்தியேட்டி. "அண்டைக்கே வீட்டில மீன் காய்ச்சினவை. எனக்கு அங்க இறங்கேல்லை. இஞ்ச வந்து, உங்களோட இருந்து சாப்பிடுவம் எண்டு விட்டிட்டன்." நாங்கள் வரும்வரை ஒரு வருடம் காத்திருந்திருக்கிறார். ரெலிபோனில் அதைச் சொல்லவில்லை. புதுக் கடை ஒன்று திறந்திருக்கினம் என்றுதான் சொன்னார்.

பெக்கஃபீக்கோ என்பது ஒரு குருவியின் பெயர், அத்திப்பழம் கொத்தும் குருவி. சிசிலியின் பெரிய வீட்டுக்காரர் அதைச் சமைத்துத் தின்பார்களாம். குருவி வாங்க வழியில்லாத சனம் சூடை மீனைப் பிளந்து, பாண்தூளும் முந்திரிகை வற்றலும் பைன் கொட்டையும் வைத்துச் சுருட்டி, வாலை மேலே தூக்கி வைத்து, அதற்குக் குருவியின் பெயரையே வைத்தது. தடைக்காலத்தில் சோயாவை இறைச்சிக் கறி என்று சமைத்த எங்கள் அம்மாமாருக்கு இது நன்றாக விளங்கும். பழைய கடையில் ஒரு சனிக்கிழமைக்கு நானூறு சூடை பிளப்போம். அண்ணருடைய பெருவிரல் நகத்தில் எந்நேரமும் செதிள் ஒட்டியிருக்கும்.

தட்டு வந்தது. ஆளுக்கு ஐந்து, பேயிலை இடையில் செருகி, வால்கள் மேலே. நாங்கள் தொடாமல் இருந்தோம். மகளும் தொடவில்லை, எங்களைப் பார்த்துப் பழகிக்கொண்டாள். அண்ணர் ஒன்றை முள்ளுக்கரண்டியால் எடுக்கப் பார்த்தார், விட்டுவிட்டுக் கையால் எடுத்தார். வாலைப் பிய்த்துக் கோப்பையின் விளிம்பில் வைத்தார். விரித்துப் பார்த்தார், முள் இருக்கிறதா என்று. தொழில் பழக்கம். பிறகு வாய்க்குள் வைத்தார். கடலைப் பார்த்துக்கொண்டு நிறைய நேரம் மென்றார். அவ்வளவு மெல்ல அந்த மீனில் ஒன்றும் இல்லை.

"உப்புக் காணாது" என்றார்.

மகள்தான் முதலில் சிரித்தாள். உப்புக் குடுவையை அவர் பக்கம் தள்ளினாள். பிறகு எல்லோரும் சாப்பிட்டோம். பாண்தூளை இன்னும் கொஞ்சம் வறுத்திருக்கவேண்டும், தோடம்பழச்சாறு கூடிவிட்டது, முந்திரிகை வற்றலை ஊறவைக்காமல் போட்டிருக்கிறார்கள் — பழைய குசினிக் கதைபோல ஒவ்வொரு குறையாகச் சொல்லிக்கொண்டே சாப்பிட்டோம். அண்ணர் மூன்று சாப்பிட்டார். மற்ற இரண்டையும் மகளின் கோப்பைக்கு மாற்றினார். முழு மீனைக் காட்டக் கொண்டுவந்தபோது பூவை விரித்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். கொண்டுவந்த பெடியன் இவர் யாரோ என்று முழித்தான். வாட்டி வந்த மீனில் ஒரு வாய் வைத்தார், மிச்சத்தை முள் எடுத்து எங்களுக்குப் பகிர்ந்தார். போர்த்தோபாலோ வாள்மீனை ஒருவரும் கேட்கவில்லை.

பில் எழுபது யூரோவில் நிற்கும் என்று நினைத்தோம். நூற்றெட்டு. மீன் ஏத்தோக் கணக்கு. எல்லாம் தெரிந்த நாங்களே முழித்தோம்.

பணம் எடுக்கும்போது பார்த்தால், நாங்கள் இருவரும் எங்களை அறியாமலே மேசையைத் துப்புரவாக்கியிருக்கிறோம். முள்ளெல்லாம் ஒரு கோப்பையில் வழித்து, மற்றக் கோப்பைகளைப் பெரிது சிறிதாக அடுக்கி, கரண்டிகளை ஒரு பக்கம் வைத்து. சாப்பாடு கொண்டுவந்த பெடியன் ஓடிவந்து, "வேண்டாம் சின்யோரா, வேண்டாம்" என்று வாங்கிக்கொண்டு போனான். குசினிக் கதவு திறந்து மூடும் இடைவெளியில் உள்ளே தொட்டியடியில் ஒரு வங்காளப் பொடியன் நின்றது தெரிந்தது. ரப்பர் உறை, நனைந்த முன்தானைத் துணி, காதில் ரெலிபோன் வயர். அடுக்கி வந்த கோப்பைகளைக் கண்டு ஒரு கணம் வெளியே எட்டிப் பார்த்தான்.

பஸ்ஸுக்கு நின்றபோது மகள் அண்ணரிடம் தம்பியின் பெயரைக் கேட்டாள். அவர் சொன்னார். எப்படி எழுதுவது என்று கேட்டு, தமிழில் எழுத்துக் கூட்டி, ரெலிபோனில் எழுதிக்கொண்டாள். இரண்டு பிழை விட்டாள். அண்ணர் திருத்திவிட்டார்.